மகளின் பௌதிகக் கொப்பி

2009இல் செட்டிகுளம் முகாமில் இருந்தபோது என் மகளுக்கு ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற வயது. தம்பிக்குப் பல்வலி வந்த இரவுகளில் கராம்பை நசுக்கி வைத்துக்கொண்டு விடியவிடிய இருந்தவள் அவள்தான். பல் வைத்தியராக வேண்டும் என்ற ஆசை அங்கேதான் தொடங்கியது. அந்த வருடத்துக் கணிதம் அவளுக்கு ஒழுங்காகக் கிடைக்காமற் போனதும் அங்கேதான். அதன் விளைவு எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

2014இல் உயர்தரம் எழுதினாள். உயிரியலும் இரசாயனவியலும் நல்ல சித்தி. பௌதிகவியலில் சாதாரண சித்திதான். “ஒருக்கா எழுதினது காணும், கலியாணத்தைப் பாருங்கோ” என்றார்கள் சொந்தக்காரர். மூன்று முறை தோற்றலாம் என்று தெரிந்திருந்தும் என் மனமும் தளர்ந்தது.

அவளைப் பௌதிக ஆசிரியரிடம் கூட்டிப் போனேன். அவர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பிள்ளைக்குப் பௌதிகம் விளங்குது அம்மா, கணக்கிலதான் இடறுது. ஒன்பதாம் வகுப்புக் கணிதப் புத்தகம் இருந்தா எடுத்துப் படிக்கச் சொல்லுங்கோ” என்றார்.

அந்தப் புத்தகம் தம்பியிடம் இருந்தது. அதை வாங்கிப் படிக்க முதலில் வெட்கப்பட்டாள். பிறகு சுட்டிகள், சூத்திரத்தில் எழுவாய் மாற்றுதல் என்று ஒவ்வொன்றாகச் செய்தாள். இரண்டு மாதத்தில் பௌதிகக் கணக்குகள் அசையத் தொடங்கின.

இசட் புள்ளி மூன்று பாடங்களின் சராசரி என்பதையும் ஆசிரியர்தான் விளக்கினார். 1.8, 1.6, 0.2 என்று வந்தால் சராசரி 1.2. கடைசிப் பாடம் 0.8 ஆனால் சராசரி 1.4. ஆகவே பிடித்த பாடத்தையே திரும்பத் திரும்பப் படிப்பதை விட்டாள். கடந்தகால வினாத்தாள்களை எடுத்து, 50 பல்தேர்வு வினாக்களை 2 மணித்தியாலத்துக்குள் செய்து பழகினாள். நேரம் பார்ப்பது என் வேலை.

2015இல் மீண்டும் எழுதினாள். வெட்டுப்புள்ளி வந்தபோது மருத்துவம் தவறியது, பேராதனைப் பல் மருத்துவ பீடம் கிடைத்தது. அங்கே படிப்பு ஆங்கிலத்தில். அழைப்பு வரும்வரை கலம் என்றால் ‘செல்’, நொதியம் என்றால் ‘என்சைம்’ என்று தன் உயிரியல் கொப்பியிலேயே பக்கத்தில் எழுதிப் பாடமாக்கினாள்.

இன்று அவள் பல் வைத்தியர். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்திலும் இப்போது பல் மருத்துவ பீடம் உண்டு.

சகோதரிகளே, பிள்ளைக்கு ஒரு பாடம் ஏறவில்லை என்றால் மூளை காணாது என்று முடிவெடுத்துவிடாதீர்கள். எந்த வருடத்தில் பள்ளிக்கூடம் தவறியது என்று எண்ணிப் பாருங்கள். அந்த வருடத்துப் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கொடுங்கள்.