மாணாக்கன் கற்பித்த பாடம்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபொழுது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியப் பொருளொன்றையே எடுத்துக்கொள்வேன் என அன்பர்கள் எண்ணியிருத்தல் கூடும். ஆயினும், என்னிடம் தமிழ் பயின்ற மாணாக்கன் ஒருவன் எனக்குக் கற்பித்த கணக்குப் பாடத்தையே ஈண்டுக் கூற விழைகின்றேன்.

புள்ளிவிபரவியலில் ஆய்வு செய்யும் அவன், சென்ற மாரியில் ஒரு மாலை, திருநெல்வேலியிலுள்ள என் இல்லத்திற்கு மடிக்கணினியுடன் வாடிய முகத்தினனாய் வந்தான். தமிழ்ப் புள்ளிகளுக்கும் கணிதப் புள்ளிகளுக்கும் உள்ள உறவை ஆராய விரும்பியவன், தன் முறையை முதலிற் சோதிக்கும்பொருட்டுத் தன் பழைய வகுப்பினை ஒத்த கற்பனைப் புள்ளிகளைக் கணினியால் ஆக்குவித்திருந்தான். உறவு 0.6 எனக் கொடுத்தும், வந்த புள்ளிகளில் உறவே காணப்படவில்லை. "ஆய்வையே கைவிடலாமோ என்று எண்ணுகிறேன், ஐயா" என்றான்.

அவனுடைய குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். இருவேறு இடங்களில் "தொடர்பு" என்னும் ஒரே சொல் இருந்தது. "இரண்டும் ஒன்றா?" என வினவினேன். "அல்ல ஐயா. ஒன்று இணைபுக் குணகம். அதற்கு அலகில்லை, −1 முதல் +1 வரையே செல்லும். மற்றையது இணைமாறற்றிறன். அது இரு பாடங்களின் பரம்பலையும் தன்னுட் கொண்டது. குணகத்தை இரு நியம விலகல்களாலும் பெருக்கினால் அது வரும். தமிழுக்கு 4, கணிதத்திற்கு 20, ஆகவே 0.6 × 4 × 20 = 48..." என்றவன் இடையில் நிறுத்திவிட்டான்.

கணினி கேட்டது 48. அவன் கொடுத்ததோ 0.6. அதனை 80 ஆல் வகுத்தால் உண்மையான குணகம் 0.0075 மாத்திரமே. குணகத்திற்குரிய இடத்தில் 48 ஐ இட்டிருப்பின், அது ஒன்றை விஞ்சிய எண்ணாதலின் பிழை உடனே வெளிப்பட்டிருக்கும். 0.6 எனும் எண்ணோ இரண்டிடத்திலும் பொருந்தும். ஆதலின் கணினி வாய் திறவாதிருந்தது.

மகிழ்ச்சியோடு எழுந்தவன், சிறிது தயங்கி, "ஐயா, எங்கள் வகுப்பில் தமிழின் சராசரி 66, கணிதத்தின் சராசரி 40. நான் பெற்றவை 70, 60. கணிதத்தில் தளர்ச்சி என்று அறிக்கையில் எழுதினீர்கள். இரண்டிலும் சராசரிக்கு மேல் ஒரே ஒரு நியம விலகல் தூரத்திலேயே நின்றேன்" என்றான்.

யான் மறுமொழி கூறவில்லை. 2001 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டின் பல்கலைக்கழக அனுமதிக்கு அடிப்படையாயுள்ள இசட் புள்ளியும் இவ்வாறே கணிக்கப்படுகின்றது. அப்பரீட்சைக்கு ஆண்டுதோறும் பிள்ளைகளை அனுப்பிய யான், என் வகுப்பறையில் வெறும் எண்களையே ஒப்பிட்டுத் தீர்ப்பெழுதியிருந்தேன்.

அன்று அவன் குறிப்பேட்டில் இரு சொற்களையும் வெவ்வேறாக எழுதிக் கொடுத்தேன். இப்பொழுது மாணவர் அறிக்கை எழுதும்போதெல்லாம், ஒவ்வொரு புள்ளியின் அருகிலும் வகுப்பின் சராசரியையும் நியம விலகலையும் குறித்த பின்னரே என் கருத்தை எழுதுகின்றேன்.