ஊறட்டும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பளம் பொரித்தேன். அடுப்பை அணைத்துவிட்டதாகத்தான் நினைப்பு. இடையில் போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பினால் சமையலறை முழுக்கப் புகை. எவர்சில்வர் கடாயில் மிச்சமிருந்த எண்ணெய் அடியில் கருப்பாகவும் ஓரங்களில் தேன் நிறத்திலும் தீய்ந்து ஒட்டியிருந்தது. ஆறியதும் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், அசையவில்லை. சிங்க்கில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். காலையில் வேலைக்கு வரும் அக்கா தேய்த்துக்கொள்வார். அப்படி யோசித்துப் போட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, கை தானாகப் போட்டுவிட்டது.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள். ஒன்றும் பேசாமல் கடாயைச் சிங்க்கிலிருந்து எடுத்தாள். கறை மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, இரண்டு ஸ்பூன் சமையல் சோடாவைப் போட்டு அடுப்பில் ஏற்றினாள். கால் மணி நேரம் கொதித்ததும் இறக்கி மேடையின் ஓரமாக வைத்தாள்.

"இதத் தொடாத. ஊறட்டும்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாத்திரத்தோடு மல்லுக்கட்டும் அம்மாவைத்தான் எனக்குத் தெரியும்.

இருபது வருஷத்துக்கு மேல் திருச்சி தில்லைநகரில் வீட்டு வேலை செய்தவள் அவள். உறையூரிலிருந்து நடந்தே போவாள். காலையில் நாலு வீடு, வீட்டுக்கு முக்கால் மணி நேரம். அதற்குள் பெருக்கி, துடைத்து, பாத்திரமும் துலக்கியாக வேண்டும். பிளஸ் ஒன் லீவில் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது நானும் கூடப் போனேன். அவள் துலக்குவாள், நான் கழுவிக் கவிழ்ப்பேன். ஒரு வீட்டில் அம்மாவுக்கு டீ கொடுக்கும் டம்ளர் தனியாக ஜன்னல் ஓரம் இருக்கும். அதையும் அவள்தான் கழுவ வேண்டும், மற்ற டம்ளர்களோடு சேர்த்துவிடக் கூடாது. அதைப் பற்றி அவள் என்னிடம் எதுவும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்த வீட்டில்தான் அது நடந்தது. விளிம்பில் பெயர் வெட்டிய கனமான கடாய், அந்த வீட்டம்மாவின் கல்யாணச் சீர். முந்தின நாள் பஜ்ஜி போட்டு எண்ணெயைத் தீய விட்டிருந்தார்கள். அம்மா சபீனாவைத் தூவி, கம்பி நாரை வைத்து அரைமணி நேரம் தேய்த்தாள். தோள்பட்டை அசைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கறை போனது. வீட்டம்மா வந்து கடாயை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "என்ன இப்படிக் கீறி வச்சிருக்க? இது எங்கம்மா குடுத்தது" என்றார். அந்த மாதச் சம்பளத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா வழக்கம்போல் காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள்.

பிறகு நான் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தேன். எவர்சில்வர் என்பது இரும்போடு குரோமியம் சேர்ந்தது, நம் பாத்திரங்களில் பெரும்பாலும் நிக்கலும் உண்டு என்று படித்தேன். 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி இப்படி ஒரு துருப்பிடிக்காத உருக்கை வார்த்தார். குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகிறது. கீறினால் படலம் மறுபடி தானாக மூடிக்கொள்ளும். கோடு மட்டும் போகாது.

தீய்ந்த எண்ணெய் வெறும் அழுக்கு இல்லை. சூடு ஏற ஏற எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலைபோல இறுகிவிடுகின்றன. மரத்துக்கு அடிக்கும் வார்னிஷ் காய்வதும் ஏறக்குறைய இப்படித்தான். இரும்புத் தோசைக்கல்லை எண்ணெய் தடவிப் பழக்குகிறோமே, அதுவும் இதேதான். தோசைக்கல்லில் இருந்தால் பக்குவம், எவர்சில்வரில் இருந்தால் கறை. இறுகிய அந்த வலையைக் காரம் மெல்ல மெல்ல அறுக்கும். சமையல் சோடா போதும், சலவைச் சோடா இன்னும் வேகம். (அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம், கருத்துவிடும்.) ஆனால் எதுவானாலும் நேரம் கொடுக்க வேண்டும். கையின் பலம் கடைசியில்தான் தேவை, அதுவும் கொஞ்சம்.

இரண்டாம் வருஷம் லீவில் இதையெல்லாம் அம்மாவிடம் பெரிய மேதை மாதிரி விளக்கினேன். "அன்னிக்கே சோடா போட்டுக் கொதிக்க வச்சு ஊற வச்சிருந்தா கீறலே விழுந்திருக்காதும்மா."

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"ஏன்டி, நம்ம வீட்டுக் கடாய நான் எப்பவாச்சும் கம்பி நார் போட்டுத் தேச்சுப் பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அடிப்பிடித்த பாத்திரம் வடிகஞ்சியோடு ராத்திரி முழுக்க முற்றத்தில் கிடக்கும். காலையில் தேங்காய் நாரை வைத்து இழுத்தால் வந்துவிடும்.

"அவங்க அடுப்ப நான் பத்த வைக்க முடியுமா? நாளைக்கித் தேய்க்கிறேன்னு ஊறப் போட்டுட்டு வந்தா, வேல செய்யாம போட்டுட்டுப் போய்ட்டான்னுதான் சொல்லுவாங்க."

வேதியியலில் எனக்கு அந்த வருஷம் எண்பத்தி இரண்டு மார்க்.

கடாய்க்கு வருகிறேன். திங்கட்கிழமை காலை அக்கா வந்தார். மேடையில் இருந்ததைப் பார்த்து, "அதையும் தேச்சிரட்டுமா?" என்று கேட்டார். "வேணாம்மா, அது ஊறுது" என்றாள் அம்மா. அக்கா ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் முழங்கால் வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

திங்கள் ராத்திரி இன்னொரு தடவை கொதி. செவ்வாய் மாலை அம்மா மரக்கரண்டியால் நெம்பினாள். கருப்பு, வெங்காயத் தோல் மாதிரி மடங்கிக்கொண்டு வந்தது. ஓரத்துத் தேன் நிறம் பிடிவாதமாக இருந்தது, அதற்கு இன்னொரு ராத்திரி ஆனது. கடைசியில் மயில் கழுத்து மாதிரி ஒரு நீலம் மட்டும் மிஞ்சியது. அது கறை இல்லை, சூட்டில் அந்தக் குரோமியப் படலம் தடித்திருக்கிறது. பிழிந்த எலுமிச்சை மூடியால் தேய்த்தாள், மங்கிப் போனது. கடாயில் ஒரு கோடுகூட இல்லை.

புதன்கிழமை அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். கடாயை அலமாரியில் வைக்கும்போது பக்கத்தில் பால் காய்ச்சும் பாத்திரம் இருந்தது. எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். அடி முழுக்க வட்டவட்டமாகக் கீறல். அதைத் தீய விட்டது நான்தான், சித்திரையிலோ வைகாசியிலோ. அது எப்போது சுத்தமானது என்று எனக்கு நினைவே இல்லை.