இழை அறுகிற காலம்

28 பிப்ரவரி 2008, வியாழன்

நேற்று ராத்திரி எழுத்தாளர் சுஜாதா இறந்துவிட்டார். டீக்கடை டிவியில் பார்த்தேன். 72 வயது. பக்கத்தில் இருந்தவர், "சிவாஜி படத்துக்கு வசனம் எழுதுனவருல்லா" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கோபம், யார் மேல் என்று தெரியவில்லை. இன்று தறி ஓட்டவில்லை.

29 பிப்ரவரி

நேற்றுக் குடித்த டீக்குக் காசு கொடுத்தேன்.

2 மார்ச், ஞாயிறு

பரண் முழுக்கத் துழாவியாயிற்று. பைண்டு இல்லை. 'என் இனிய இயந்திரா' விகடனில் வந்தபோது அப்பா வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கடைசியில் பாவு நூலாலேயே தைத்த பைண்டு. கதை நடப்பது 2021-ல். பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அன்றைக்கு அந்த வருஷம் வேறு கிரகம் மாதிரி இருந்தது. இப்போது விரல்விட்டு எண்ணினேன். இன்னும் 13 வருஷம்தான். பாப்பாவுக்கு அப்போது 22 முடிந்திருக்கும்.

அதில் ஜீனோ என்கிற இயந்திர நாய் புத்தகம் படிக்கும். நான் ராத்திரி ஷிப்டில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று அதைப் படித்தேன். ஆச்சிக்கு நான்தான் உரக்க வாசித்துக் காட்டுவேன். சுஜாதா பொம்பளை என்றே சாகும்வரை நம்பினாள். சம்சாரத்தின் பெயரில் எழுதுகிறார் என்று சொன்னால், "அப்பொ அவதான் எழுதிக் குடுக்கா" என்பாள்.

இன்று ஆச்சிக்காகவும் சேர்த்து அழுதேனோ என்னவோ.

9 மார்ச்

பைண்டை ஏன் இப்படித் தேடுகிறேன் என்று வீட்டில் கேட்டாள். அதற்குள் ஒரு போஸ்ட் கார்டு இருக்கிறது. பத்தாவது படிக்கும்போது சுஜாதாவின் 'ஏன் எதற்கு எப்படி' பகுதிக்கு எழுதியது: பங்குனி வெயிலில் பாவு இழை ஏன் அதிகம் அறுகிறது? ஜூனியர் விகடன் விலாசம்கூட எழுதிவிட்டேன். பெட்டியில் போடவில்லை. கருந்துளை, காலப் பயணம் என்று கேட்கிற கூட்டத்தில் தறிக்காரன் மகன் நூலைப் பற்றிக் கேட்பதா என்று கூச்சம்.

அவர் சிரித்திருக்க மாட்டார். ஒரு பாரா எழுதியிருப்பார். கடைசி வரியில் ஒரு குத்தும் இருந்திருக்கும்.

14 மார்ச்

மாமாவோடு கோயிலுக்குப் போனேன். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் ஓட்டு மிஷின் செய்ததில் பங்குள்ள இன்ஜினியர் சுஜாதா, ஆழ்வார்களுக்கும் அறிமுகம் எழுதினாரே, ரெண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி என்று கேட்டேன். மாமா சன்னதியைக் காட்டினார். பாதி சிவன், பாதி பெருமாள்.

"சங்கரன்கோவில்ல இருந்துகிட்டு இந்தக் கேள்விய கேக்கியேடே."

புற்றுமண் வாங்கிக்கொண்டு வந்தோம்.

15 மார்ச்

கரண்ட் இல்லை.

23 மார்ச், ஞாயிறு

பைண்டு வாங்கிப் போனவன் கிடைத்துவிட்டான். அவன் மச்சானிடம் கொடுத்தானாம். மச்சான் குடும்பத்தோடு திருப்பூர் போய் ஆறு வருஷம். "ஒரு பழைய பேப்பர் கட்டுக்கா இம்புட்டு அலையுத?" என்றான். வாயில் வந்ததைச் சொல்லாமல் திரும்பினேன். வழியில் பிரியாணி வாசனை. பசித்தது. அதற்கும் வெட்கமாக இருந்தது.

30 மார்ச், ஞாயிறு

நல்ல வெயில். காலையிலிருந்து இழை அறுந்துகொண்டே இருக்கிறது. ஷெட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். பாப்பா வந்து, "தரையில தெளிச்சா நூலுக்கு என்னப்பா?" என்றாள்.

ஈரம் காற்றில் ஏறும், பஞ்சு அதைக் குடிக்கும், பருத்தி நனைந்தால் பலம் கூடும், காய்ந்தால் இழுவை தாங்காது என்றேன். எங்கே படித்தேன் என்று நினைவில்லை.

"அப்பொ பாலியஸ்டர் நூலுக்கும் தெளிக்கணுமா?"

தெரியவில்லை. நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கேள்வியை எழுதி, மறக்காமல் இருக்க என் சட்டைப் பையில் வைத்தாள்.

மூன்றாம் தறி நின்றுவிட்டது. முடிச்சுப் போடப் போனேன்.