முந்திச் சென்ற ஒட்டகமும் அடுத்த மாடல் காரும்



பௌர்ணமி இரவுகளில் நமது திருவண்ணாமலைக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் விலையுயர்ந்த கார்கள் வரிசையாக வந்து சேர்கின்றன. அவற்றில் வருவோர் காரை ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு, 14 கிலோமீட்டர் மலைப்பாதையை வெறுங்காலுடன் நடக்கின்றனர். நம் வாலிபர்களோ நிற்கும் கார்களைச் சுற்றி வந்து, விளக்கின் வடிவத்தைக் கொண்டே இது பென்ஸ், இது பி.எம்.டபிள்யூ., இது ஆடி என்று கூறிவிடுகின்றனர். எது சிறந்தது, அடுத்த ஆண்டு எந்த மாடல் வருகிறது என்ற விவாதம் மத்ரஸாவின் வாசல் வரை நீள்கிறது.

இதனை வீண் பேச்சு என்று கண்டித்து ஒதுக்குவது எளிது. ஆயினும் நம் மார்க்கம் வாகனத்தைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடவில்லை. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 8-ஆம் வசனத்தில் குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றைத் தன் அருட்கொடைகளாக அல்லாஹ் குறிப்பிடுகிறான். ஏறிச் செல்வதை முதலிலும் அலங்காரத்தை அடுத்தும் கூறி, மனிதர் அறியாதவற்றையும் தான் படைப்பதாக உணர்த்துகிறான். 1886-இல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தமது மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றதும், இன்று மின்கலத்தில் ஓடும் கார்கள் வருவதும் அந்த அறியாதவற்றில் அடங்கும் என்று நாம் விளங்கிக்கொள்ளலாம். அலங்காரம் இங்கே மறுக்கப்படவில்லை. அதன் இடம் இரண்டாவது என்பதே கவனிக்கத் தக்கது.

மனிதனின் நற்பேறுகளுள் ஒன்றாக வசதியான வாகனத்தை நபி (ஸல்) அவர்கள் எண்ணியுள்ளார்கள். நல்ல ஆடையையும் நல்ல செருப்பையும் விரும்புவது பெருமையாகுமா என்று வினவப்பட்டபோது, அல்லாஹ் அழகை விரும்புபவன் என்றும், பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே என்றும் தெளிவுபடுத்தினார்கள். எனவே நல்ல காரை விரும்பும் மகனைப் பார்த்து, "இது துன்யாவின் மோகம்" என்று உடனே தீர்ப்புக் கூறிவிட வேண்டியதில்லை.

முதலில் அவன் ஒப்பிடும் பொருளையே சற்று நெருங்கிப் பார்ப்போம். வாலிபர்கள் அணி பிரிந்து வாதாடும் பெயர்கள் பல, உண்மையில் ஒரே கூரையின் கீழ் உள்ளவை. ஆடி, போர்ஷே, பென்ட்லி, லம்போர்கினி நான்கும் வோக்ஸ்வாகன் குழுமத்தைச் சேர்ந்தவை. ஆடி கியூ8, போர்ஷே கயென், பென்ட்லி பென்டெய்கா, லம்போர்கினி ஊருஸ் ஆகியவை ஒரே அடித்தளக் கட்டமைப்பின் மீது உருவானவை. ரோல்ஸ் ராய்ஸ் பி.எம்.டபிள்யூ.வுக்கு உரியது, லெக்சஸ் டொயோட்டாவின் பிள்ளை. ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் 2008 முதல் நம் நாட்டு டாடாவின் கையில் உள்ளன.

"வெளிநாட்டு வண்டி" என்ற பெருமிதமும் முழுதும் பொருந்தாது. பி.எம்.டபிள்யூ. கார்கள் 2007 முதல் செங்கல்பட்டை அடுத்த மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பொருத்தப்படுகின்றன. பென்ஸ் கார்களுக்குப் புனே அருகில் சாக்கனில் ஆலை இருக்கிறது. நம் அண்டை மாவட்டமான ராணிப்பேட்டையின் பனப்பாக்கத்தில், சுமார் 9,000 கோடி ரூபாய்த் திட்டமாக, ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களையும் உருவாக்கும் நோக்குடன் டாடா ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அத்தகைய ஆலையில் பணிபுரியும் தகுதியை நம் பிள்ளைகள் பெறுவது, அங்கு உருவாகும் காரைக் கடனில் வாங்குவதைவிட மேலான ஆசையல்லவா?

புதிய மாடல்களின் செய்தியையும் பார்ப்போம். 2025 செப்டம்பரில் மியூனிக் கண்காட்சியையொட்டிச் சில நாட்கள் இடைவெளியில் இரு மின்சாரக் கார்கள் அறிமுகமாயின. ஒரு முறை மின்னேற்றினால் பி.எம்.டபிள்யூ. ஐஎக்ஸ்3 அதிகபட்சம் 805 கிலோமீட்டரும், பென்ஸ் ஜிஎல்சி 713 கிலோமீட்டரும் ஓடும் என்று ஐரோப்பியச் சோதனை முறைப்படி அறிவிக்கப்பட்டது. நம் ஊரிலிருந்து சென்னை சென்று திரும்பினாலும் ஏறத்தாழ 400 கிலோமீட்டர்தான். இரண்டும் நம்மைத் தடையின்றிக் கொண்டுவந்து சேர்க்கும். எஞ்சும் 92 கிலோமீட்டர் வேறுபாடு பயணத்திற்கன்றி வாதத்திற்கே உதவும். பாதுகாப்பைக் காரணம் காட்டுவோரும் உண்டு. நியாயமான காரணம்தான், ஆனால் சாதாரணக் குடும்பங்கள் வாங்கும் டாடா நெக்ஸான் 2018-லேயே குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றுவிட்டது.

அண்மையில் ஒரு தந்தை நம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தார். வளைகுடாவில் பல்லாண்டு உழைத்துத் திரும்பியவர். பெங்களூரில் பணிபுரியும் அவருடைய மகன் 50 லட்சம் ரூபாயில் ஜெர்மன் கார் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார். வங்கிக் கடன் 40 லட்சம். மீதி 10 லட்சத்தைத் தங்கையின் நிக்காஹுக்கெனச் சேர்த்த பணத்திலிருந்து எடுத்து, பிறகு நிரப்பிவிடுவதாகத் திட்டம். "ஹஜ்ரத், இந்தக் கார் ஹராமா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார் தந்தை.

"கார் ஹராமன்று. அது வரும் வழியைப் பார்ப்போம், பாய்" என்று கூறி, காகிதத்தில் கணக்கிட்டோம். 40 லட்சத்தை 9 சதவீத வட்டிக்கு ஏழாண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 64,000 ரூபாய். கட்டி முடிக்கும்போது 54 லட்சம் ஆகியிருக்கும். அதில் 14 லட்சம் வட்டி. அல்லாஹ் கடுமையாக எச்சரித்த ஒன்றை, தேவைக்கன்றி அலங்காரத்திற்காக ஏழாண்டுகள் மாதந்தோறும் செலுத்துவதா? மேலும், 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். தங்கையின் சேமிப்பிலிருந்து எடுக்கும் 10 லட்சம் அந்த வரிக்குக்கூடப் போதாது. தந்தை காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது. முடிவு அவர்களுடையது.

இத்தகைய நேரத்தில் நாம் அளவுகோலாகக் கொள்ளத் தக்க நபிமொழி ஒன்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. குதிரை மூவகையினருக்கு உரியது என்பது அதன் கருத்து. இறைவழியில் பயன்படுத்துவோருக்கு அது நற்கூலி. பிறரிடம் கையேந்தாமல் வாழ வளர்த்து, அதன் கழுத்திலும் முதுகிலும் அல்லாஹ்வுக்குள்ள உரிமையை மறவாதவருக்கு அது பாதுகாப்புத் திரை. பெருமைக்கும் பகட்டுக்கும் முஸ்லிம்களுக்கு எதிரான பகைமைக்கும் வளர்ப்பவருக்கு அது பாவச் சுமை. கழுதையைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அதற்கெனத் தனிச் சட்டம் அருளப்படவில்லை என்று கூறி, அணுவளவு நன்மையும் தீமையும் காணப்படும் என்ற ஸில்ஸால் அத்தியாயத்தின் பொது வசனங்களை நபி (ஸல்) அவர்கள் ஓதிக் காட்டினார்கள். காருக்கும் அதே வசனங்கள் போதும். எந்த பிராண்டாயினும் அது மூன்று வகைகளுள் ஒன்றில் நிற்கும். எதில் என்பதை நிறுவனம் முடிவு செய்வதில்லை. சாவியை வைத்திருப்பவரே முடிவு செய்கிறார். பெண் வீட்டாரிடம் பிராண்டின் பெயரைக் கூறிக் கார் கேட்போர், அது எந்த வகையில் சேரும் என்பதைத் தம் உள்ளத்திடம் கேட்டுக்கொள்ளட்டும்.

முதுகின் உரிமை என்பதைக் கல்வியாளர்கள் விளக்கும்போது, தேவையுடையோரை ஏற்றிச் செல்வதையும் குறிப்பிடுகின்றனர். நள்ளிரவில் மஹல்லாவில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் வேலூர் சி.எம்.சி.க்கு அழைத்துச் செல்லும் கார் எது? இருக்கை அழுக்காகிவிடும் என்று தயங்க வைக்கும் வாகனம் நம் உடைமையா, நாம் அதன் உடைமையா?

ஜகாத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சொந்த உபயோகத்திற்கான வாகனத்திற்கு ஜகாத் இல்லை. கையில் 50 லட்சம் ரொக்கமாகவோ வணிகச் சரக்காகவோ ஓராண்டு இருந்தால், ஏழைகளுக்குரிய பங்கு 1,25,000 ரூபாய். அதே தொகை காராகி வாசலில் நின்றால் அந்தப் பங்கு இல்லை. இது சட்டப்படி ஆகுமானதே. எனினும் வசதி படைத்தோர், கடமை நீங்கிய இடத்தில் ஸதகா எவ்வளவு என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நல்லது.

இனி, அடுத்த மாடலுக்காகக் காத்திருக்கும் வாலிபர்களுக்கு ஒரு வரலாறு. நபி (ஸல்) அவர்களுக்கு அள்பா என்ற பெண் ஒட்டகம் இருந்தது. அதனை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒரு நாள் கிராமவாசி ஒருவர் தமது இளம் ஒட்டகத்தில் வந்து அதனை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. இவ்வுலகில் எது உயர்ந்தாலும் அதனைத் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்ற கருத்தில் அண்ணலார் அவர்களுக்கு விளக்கமளித்தார்கள். அவர்களின் வாகனத்திற்கே இந்த நியதி என்றால், நம் வாசலில் நிற்கும் காருக்கு விதிவிலக்கு ஏது? மியூனிக்கில் இன்று முந்தியது நாளை முந்தப்படும். தவணை முடியும் முன்பே நம்முடையது பழைய மாடலாகிவிடும். பந்தயத்தில் வெல்வதற்காக வாங்கியவருக்கு அது தோல்வி. ஏறிச் செல்வதற்காக வாங்கியவருக்கு எந்த இழப்பும் இல்லை.

ஆகவே ஒப்பிடுங்கள், தடையில்லை. மைலேஜுடன் வருமானத்தையும், விலையுடன் வீட்டிலுள்ளோரின் உரிமைகளையும், வேகத்துடன் நிய்யத்தையும் சேர்த்து ஒப்பிடுங்கள். எந்த வாகனத்தில் ஏறினாலும் நாம் ஓதும் பயண துஆ, நம் இரட்சகனிடமே திரும்பிச் செல்பவர்கள் நாம் என்பதை நினைவூட்டியே முடிகிறது. நம்மைக் கடைசியாகச் சுமந்து செல்லும் சந்தூக்கு மஹல்லாவில் எல்லோருக்கும் ஒன்றே.

வல்ல அல்லாஹ் நமக்கு ஹலாலான, வசதியான, பிறருக்கும் பயன்படும் வாகனங்களை வழங்குவானாக! கடனின் சுமையிலிருந்தும் பெருமையின் தீங்கிலிருந்தும் நம் பிள்ளைகளைக் காப்பானாக! ஆமீன்.