வலது பக்கம் திரும்புவது

சைக்கிள் ஓட்டத் தெரிவது வேறு, சாலையில் ஓட்டுவது வேறு. முதலாவது எனக்கு நாற்பத்தாறு வயதில் இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. பெடலைக் கழற்றி, சீட்டைத் தாழ்த்தி, தாமான் பூப்பந்துத் திடலில் காலால் உந்திக்கொண்டே போனால் உடம்பு தானாகச் சமநிலையைப் பிடித்துக்கொள்கிறது. பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

இரண்டாவதற்கு எட்டு மாதம் ஆனது. அல்மாவிலிருந்து மாச்சாங் பூபோக்கில் இருக்கும் அம்மா வீட்டுக்கு நான் தனியாகப் போய்வர வேண்டும். கணவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது, எனக்கு லைசென்ஸ் இல்லை. தினமும் கிராப் பிடித்தால் கட்டுப்படியாகாது.

நேராகப் போவதில் சிரமமில்லை. வலது பக்கம் திரும்புவதுதான் கண்டம். இடது ஓரத்தில் போகிறவள் பின்னால் வரும் லோரியைப் பார்த்து, கை காட்டி, சாலை நடுவுக்கு வர வேண்டும். தலையைத் திருப்பினால் தோளும் கூடவே போகும், தோளோடு ஹேண்டலும். "ஜாங்கான் தேங்கோக் தாயார்" என்பார் சைக்கிள் கடைச் சீனப் பெரியவர். டயரைப் பார்க்காதே, தூரமாகப் பார். பின்னால் பார்க்கும்போது தாடை மட்டும் தோளுக்குப் போகட்டும், கை தளர்வாக இருக்கட்டும் என்று செய்தும் காட்டினார். பின்சந்தில் மகள் எனக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவாள். வெள்ளைக் கோட்டை விட்டு விலகாமல் திரும்பிப் பார்த்து எத்தனை என்று நான் கத்த வேண்டும். "மூணு!" "இல்லம்மா, நாலு!" ஒரு மாதம் இதே வேலை. அதன் பிறகுதான் ஒற்றைக் கையால் ஓட்டுவதற்கே போனோம்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். லேடீஸ் சைக்கிள் போதாமல் பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள் என்று பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். நடுக்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! ஓட்டப் பழகியதைவிட, சுமையோடு ஓட்டியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எங்கள் தோட்டத்தில் அண்ணனுக்குச் சைக்கிள் வந்தது. எனக்கு, "பொம்பளப் புள்ள விழுந்து கால ஒடிச்சிக்கிட்டா யாரு கட்டுவா?" என்ற பதில்தான் வந்தது. சொன்னது அம்மா. இப்போது எழுபத்தைந்து வயது. போன மாதம் முதன்முதலாக அவர் வாசலில் போய் இறங்கினேன். சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார்.

"கேரியர் இல்லாம என்னா சைக்கிளு? என்னைய எப்படிக் கோயிலுக்கு ஏத்திட்டுப் போவ?"

மறுநாளே கேரியர் போட்டாயிற்று. இப்போது மறுபடியும் பூப்பந்துத் திடல், பின்னால் பத்து கிலோ அரிசி மூட்டை.