அளந்து பார்ப்பதும் வேலைதான்

சென்னை புதுப்பேட்டையில், பழைய வண்டிப் பாகங்கள் குவிந்து கிடக்கும் தெருவொன்றில் ஒரு ஷட்டர் அகலத்துக்கு இருக்கிறது அந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை. வாசலில் ஒரு பழைய புல்லட். ஆசிட் பேட்டரியைக் கழற்றிவிட்டு லித்தியம் மாட்டியிருக்கிறார் வண்டிக்காரர். எடை மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் வேகம் எடுத்தால் பல்பு போகிறது. நிறுத்தினால் மறுபடி கிளம்ப மறுக்கிறது.

"டூப்ளிகேட் பேட்டரிய தலைல கட்டிட்டாங்க பாய்."

"பேட்டரி மேல பழி போடாதீங்க சார். வண்டி எவ்ளோ குடுக்குதுன்னு மொதல்ல பாப்போம்."

மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் டெர்மினலில் வைத்தார் கடைக்காரர் பாய். ஐடிலிங்கில் 13.2. ஆக்சிலரேட்டரை மெல்ல முறுக்க 14.1, 14.7, 15.4. சட்டென்று கையை எடுத்தார்.

இருசக்கர வண்டிக்கு வரும் லித்தியம் பேட்டரி பெரும்பாலும் இரும்பு பாஸ்பேட் வகை. உள்ளே நான்கு செல்கள் வரிசையாக இருக்கும். செல்லுக்கு 3.65 வோல்ட் உச்சம். ஆக மொத்தம் 14.6. ஆசிட் பேட்டரி ஓவர்சார்ஜானால் தண்ணீரை வாயுவாக்கி ஓரளவு தாக்குப்பிடிக்கும்; குறைந்த தண்ணீரை ஊற்றிக்கொள்ளலாம். லித்தியத்துக்கு அந்த வழி கிடையாது. பாதுகாப்பு சர்க்யூட் இருந்தால் அது இணைப்பைத் துண்டித்துவிடும். காயிலில் இருந்து வரும் கரண்டை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் வோல்ட் எகிறும், பல்பு போகும்.

வோல்ட்டைக் கட்டுப்படுத்த வேண்டிய ஆர்.ஆர். (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) யூனிட் கெட்டிருந்தது. புதிதாக ஒன்றை மாட்டினார். இப்போது முறுக்கினால் 13.4தான். பல கடைகளில் இத்தோடு வண்டியை அனுப்பியிருப்பார்கள். லித்தியம் முழுதாகச் சார்ஜ் ஏற 14 வோல்ட்டாவது வேண்டும் என்று பாய்க்குத் தெரியும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஆர்.ஆர். யூனிட்டின் உடம்பிலும் வைத்தார். 0.9 வோல்ட் அங்கேயே தொலைந்துகொண்டிருந்தது. போல்ட்டைக் கழற்றினால் அடியில் பெயின்ட்டும் துருவும். உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, எர்த் வயரை இறுக்கினார். 14.3.

"ஆசிட் பேட்டரி எறங்கினா ஹார்ன் கம்மும், லைட் மங்கும். முன்னாடியே தெரிஞ்சிரும். இது கடைசிவரைக்கும் வோல்ட்ட காட்டிக்கிட்டே இருந்து திடீர்னு படுத்துரும். அதனாலதான் அளக்காம மாட்டக் கூடாதுங்கிறேன்."

கூலி பேசும்போது வண்டிக்காரர் ஆர்.ஆர். யூனிட்டின் விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்தார். "தேய்ச்சதுக்கும் பாத்ததுக்குமா இவ்ளோ?" என்றுதான் இழுத்தார். பாய்க்கு இந்தப் பேச்சு புதிதல்ல. பாகத்துக்குப் பில் உண்டு. பிழையைக் கண்டுபிடித்த மூளைக்குப் பில் போட நம் ஊரில் வழக்கமில்லை. ஆனால் அன்று அந்தப் பேட்டரியைக் காப்பாற்றியது புதுப் பாகம் மட்டுமல்ல, 13.4 போதும் என்று நிறுத்திக்கொள்ளாத அந்த மனிதரின் பிடிவாதமும்தான்.

பழைய வண்டிக்கு லித்தியம் வாங்க நினைப்பவர்கள், பேட்டரிக் கடைக்குப் போகுமுன் இப்படிப்பட்ட ஒருவரிடம் வண்டியை விட்டு அளக்கச் சொல்லுங்கள். அளந்ததற்கு அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.