அடைக்கோழிக்கு என்ன விலை?

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் ஒரு தெருவில் காலை வேளையில் ஓடிக்கொண்டிருந்த தறி திடீரென்று நின்றது. எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தறிக்காரரின் மனைவி கொல்லைப்பக்கம் ஓடினார். அவருக்குப் பின்னால் கணவர். குழித்தறியிலிருந்து எழுந்து ஓடுவது நினைத்த மாத்திரத்தில் நடக்கிற காரியமில்லை. கால் இரண்டும் குழிக்குள் மிதிமேல் இருக்கும். கோர்வைச் சேலை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. ஒரு பக்கக் கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் துணையாள் வேண்டும். அந்த வீட்டில் துணையாள் அந்த அம்மாள்தான். கொல்லையில் கோழிகள் அலறும்போது வீட்டிலிருந்த நாலு கையும் பட்டு நூலில் இருந்தன. நாய்க்கு அந்த இடைவெளி போதும்.

தறிக்காரர் செத்த கோழிகளைக் காலைப் பிடித்துத் தூக்கிவந்து வாசலில் கிடத்தினார். நாலு. மூன்று பெட்டை, ஒரு விடலைச் சேவல். தெருக்கோடியிலிருந்து ஒரு கிழவி வந்து குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். முதுகு இறகு எச்சிலில் நனைந்து ஒட்டியிருந்தது. அதை விலக்கினால் சிறகடியில் பல் இறங்கிய துளைகள். ஒரு கோழியிலும் ஒரு வாய்க் கறி குறையவில்லை.

"கீரின்னா தொண்டையைக் கடிச்சி இழுத்துக்கினு போயிருக்கும். வெருகு வந்தா ஒண்ண கவ்விக்கினு ஓடிடும், மிச்சத்தத் தொடாது. தின்னாம இத்தனையையும் கடிச்சிப் போட்டுட்டுப் போயிருக்குன்னா நாய்தான்" என்றாள்.

கால்நடை மருத்துவர் எழுதித் தரும் சான்றிதழுக்கும் அவள் சொன்னதற்கும் அதிக தூரமில்லை. வீட்டு நாய் பசிக்காகக் கோழியைக் கொல்வது அபூர்வம். படபடவென்று சிறகடித்து ஓடுவதைக் கண்டால் துரத்து என்கிறது அதன் உடம்பு. ஒன்று அடங்கியதும் அடுத்தது சிறகடிக்கும். அதனால்தான் ஒன்றோடு நிற்பதில்லை.

மூன்றாவது கோழியைத் தூக்கும்போதுதான் அந்த அம்மாள் வாய்விட்டு அழுதார். அது அடையில் இருந்த கோழி. மற்றவை ஓடிப் பார்த்திருக்கின்றன. இது முட்டையை விட்டு எழவில்லை. கூடையைத் தள்ளிவிட்டு நாய் அதை உட்கார்ந்த இடத்திலேயே பிடித்திருக்கிறது. பதினொரு முட்டை, பதினேழாம் நாள். இன்னும் நாலு நாள் போயிருந்தால் குஞ்சு. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி யாரும் சொல்லாமலே முட்டைகளைப் பழந்துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டு, அடைக்கோழி இருக்கும் இன்னொரு வீட்டைத் தேடிப் போனாள்.

நாய் யாருடையது என்பதில் சந்தேகம் இல்லை. நாலு வீடு தள்ளி, சிவப்பு பெல்ட் போட்ட செவலை நாய். பால் ஊற்ற வந்தவர் அது வேலிச் சந்து வழியாக நுழைந்ததைப் பார்த்திருக்கிறார். அந்த வீட்டுப் பையன் பைக்கை நிறுத்திவிட்டு வந்தான். முகத்தில் பயமும் வெட்கமும் இருந்தன. கெட்டவன் இல்லை.

"அத்தை, கத்தாத அத்தை. இன்னா ஆவுதோ குடுத்துடறேன். கோழிக்கு நானூறு போட்டுக்கோ."

"கறி வெலை பேசறியா? அது அடையில இருந்துச்சிடா."

அதற்குப் பிறகு பேச்சு முழுவதும் அந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில்தான் நடந்தது. தெருவில் பாதிப் பேர் பையன் பக்கம் தலையாட்டினார்கள். நானூறு நியாயமான தொகை என்று அவர்களுக்குத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நாட்டுப் பெட்டை வருஷத்துக்கு அறுபது, எழுபது முட்டை இடும். இரண்டு மூன்று முறை அடைக்கு உட்காரும். குஞ்சு பொரித்துப் பருந்துக்கும் காக்கைக்கும் நடுவில் அதை வளர்த்து ஆளாக்கும். கறிக்கடைத் தராசு இதில் எதையும் நிறுக்காது. தறிக்கூலி கணவர் கைக்கு வருகிறது. அது அரிசிக்கும் வட்டிக்கும் போகிறது. முட்டைக் காசும் சேவல் விற்ற காசும்தான் அந்த அம்மாளின் சொந்தக் காசு. பள்ளிக்கூட நோட்டு, பஸ் செலவு, மகள் வீட்டுக்குப் போகும்போது வாங்கும் பூ எல்லாம் அதிலிருந்துதான். கிராமத்துப் பெண்களுக்கு அரசாங்கமே நாட்டுக்கோழிக் குஞ்சு கொடுத்தது இதைத் தெரிந்துதான். வாசலில் கிடந்தது அவருடைய சேமிப்பு.

"போலீசுக்குப் போ" என்றது ஒரு குரல். "கோழிக்கு யாரு கேசு எடுப்பாங்க" என்றது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மை உண்டு.

சட்டம் இந்த விஷயத்தில் பலர் நினைப்பது போல இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, வளர்ப்பு விலங்கைக் கட்டுக்குள் வைக்காத உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. ஆனால் அது மனித உயிருக்கு ஆபத்தோ பெருங்காயம் படும் அபாயமோ இருந்தால்தான். கோழி அதில் வராது. அதே நாய் கொல்லையில் விளையாடும் குழந்தைமேல் பாய்ந்தால் வரும். 325ஆம் பிரிவு விலங்கைக் கொல்வது பற்றியது. ஐந்து ஆண்டு வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தில் பத்து ரூபாய், ஐம்பது ரூபாய் என்று விலங்குக்கு மதிப்பு வரம்பு இருந்தது. புதிய சட்டத்தில் அது இல்லை. கோழியும் விலங்குதான். ஆனால் நஷ்டம் வரும் என்று தெரிந்தே ஒருவர் செய்ததாகக் காட்டியாக வேண்டும். நாய் தானாக அவிழ்த்துக்கொண்டு வந்தால் அந்தப் பிரிவு ஒட்டாது. ஆகவே ஸ்டேஷனில் பெரும்பாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று போட்டுக் கொடுப்பார்கள். அதை வெறும் காகிதம் என்று தள்ளிவிடக் கூடாது. இன்ன தேதியில் இந்த நாய் கோழியைக் கொன்றதாகப் புகார் கொடுக்கப்பட்டது என்பதற்கு அது அத்தாட்சி. உரிமையாளருக்கு அது தெரியவந்த பிறகு இரண்டாம் முறை நடந்தால் "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்ல முடியாது. நஷ்டஈட்டு வழக்கின் உயிர்நாடியே அந்த முன்னறிவுதான்.

பணத்துக்கான வழி சிவில் வழி. நான்கு கோழிக்காக முன்சீப் கோர்ட் ஏறுவது யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் தாலுகா அளவில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம். வழக்குப் போடுவதற்கு முன்பே மனு கொடுக்கலாம். எதிர்த் தரப்பைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள். லோக் அதாலத்தில் ஒப்புக்கொண்ட தொகைக்குக் கோர்ட் டிகிரியின் பலம் உண்டு. இது அந்தத் தெருவில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் "கோழிக்கு யாரு கேசு எடுப்பாங்க" என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இங்கிலாந்தில் இது நேர்வழியாக இருக்கிறது. 1971ஆம் ஆண்டு விலங்குகள் சட்டப்படி, நாய் கால்நடையைக் கொன்றால் நாயை வைத்திருப்பவரே பொறுப்பு. அவருடைய கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை. கால்நடை என்பதில் கோழி, வாத்து எல்லாம் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நம்மிடம் இருப்பது 1871ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டம். யானை, ஒட்டகம், எருமை, பன்றி, ஆட்டுக்குட்டி வரை பட்டியல் போட்டுப் பட்டியில் அடைக்கச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் நாயும் இல்லை, கோழியும் இல்லை.

தெருநாய் கடித்தால் கதை வேறு. அதற்கு உரிமையாளர் கிடையாது. 2023ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடை செய்வதும் தடுப்பூசி போடுவதும் உள்ளாட்சியின் பொறுப்பு. காங்கயம், சென்னிமலைப் பக்கம் செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு விவசாயிகள் போராடிய பிறகு, 2025இல் தெருநாய் கடித்து இறந்த கால்நடைகளுக்கு அரசு இழப்பீடு வழங்கியது. வெள்ளம், புயல் நிவாரணத்தில் கோழி ஒன்றுக்கு 100 ரூபாய் என்ற கணக்கு அப்போதே இருந்தது. அடையில் இருந்த கோழிக்கும் அதே நூறுதான்.

இதற்குள் வாசலில் ஆள் கூடிவிட்டது. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர் மெல்லச் சொன்னார்: "கறித்துண்டுல மருந்து வெச்சிப் போட்டா ஒரு நாள்ல முடிஞ்சிடும்."

அந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "தெருவுல கொழந்த கீது. வாய மூடு."

அந்த ஒரு வார்த்தைக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. விஷம் வைப்பவர் மேல்தான் 325ஆம் பிரிவு நேராகப் பாயும். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் கூடவே வரும். கோழியை இழந்தவர் ஒரே ராத்திரியில் குற்றவாளி ஆகிவிடுவார். அந்தக் கறித்துண்டைத் தின்றுவிட்டு வேறு நாய் சாகும், காக்கை சாகும். அதற்காகக் கோழியைக் கவ்வ வரும் நாயைக் கைகட்டிக்கொண்டு பார்க்க வேண்டும் என்பதில்லை. கெட்ட எண்ணமின்றி, நல்லெண்ணத்தோடு, உடைமைக்கு வரும் சேதத்தைத் தடுக்கச் செய்வதை நியாய சன்ஹிதாவின் 19ஆம் பிரிவு குற்றமாகக் கருதுவதில்லை. தடி எடுத்து விரட்டலாம். ஓடிப்போன நாயை அதன் வீட்டு வாசலுக்குத் தேடிப் போய் அடிப்பதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

தறிக்காரர் இதுவரை ஒன்றும் பேசவில்லை. வேலியருகே போய் நாய் நுழைந்த இடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலிகாத்தான் முள் காய்ந்து இற்றுப்போய் அடியில் ஒரு முழம் திறந்திருந்தது. நாய் தாண்டி வருவதைவிட நுழைந்து வருவதும் தோண்டி வருவதும்தான் அதிகம். மேலே எவ்வளவு உயரம் முள் அடைத்தாலும் அடி திறந்திருந்தால் பயனில்லை. கம்பி வலையை மண்ணுக்குள் ஒரு அடியாவது இறக்க வேண்டும், அல்லது வெளிப்பக்கமாக மடித்துத் தரையோடு பதித்துக் கல் வைக்க வேண்டும். அடைக்கோழியைக் கூடையால் மூடிக் கொல்லையில் விடாமல் வீட்டுச் சுவரை ஒட்டிய கூண்டில் தாழ்ப்பாள் போட்டு வைக்க வேண்டும். இதெல்லாம் அவருக்கும் தெரியும். தறியை நிறுத்தினால் கூலி நிற்கும் என்பதால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

தெருவிலேயே வயதானவர் ஒருவர், பையனுக்கு உறவுமுறையில் தாத்தா, கடைசியில் ஒரு நோட்டுப் புத்தகத் தாளைக் கிழித்துக் கொண்டுவரச் சொன்னார். "பேசிட்டுப் போனா நாளைக்கு ஆளுக்கொரு பேச்சு பேசுவீங்க. எழுதுங்க."

பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு கிடைத்த ஊர் இது. ஏழாம் நூற்றாண்டு. சாளுக்கியப் படையோடு நடந்த போரைப் பாடிய அதே ஏட்டில், யாருக்கு எந்தப் பங்கு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு எது என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். வெற்றியை வெட்டிய உளியாலேயே பங்கையும் வெட்டியவர்களுக்கு வாய்ப்பேச்சின் ஆயுள் தெரிந்திருக்கிறது.

தாத்தா சொல்லச் சொல்ல ஒரு கல்லூரிப் பெண் எழுதினாள். தேதி. நாயின் நிறம். பார்த்தவர் பெயர். செத்த கோழிகளைப் பையனே தன் செல்போனில் படம் எடுத்து அந்த அம்மாளின் மகனுக்கு அனுப்பினான். இரண்டு பெட்டைக்கும் சேவலுக்கும் கறி விலை என்பதில் சண்டை இல்லை. அடைக்கோழிக்கு வந்தபோது மறுபடி நின்றது.

"ஆயிரத்து ஐந்நூறு" என்றார் அம்மாள்.

"அத்தை, சந்தையில முட்டையிடற பெட்டையே எண்ணூறுக்குக் கிடைக்குது."

"வாங்கிக் குடு. எடுத்ததும் பதினோரு முட்டை மேல உக்காருதான்னு பாக்கறேன்."

பையனிடம் பதில் இல்லை. பின்னால் நின்றிருந்த அவன் அம்மா முதல்முறையாக வாய் திறந்தார். "அவ கேக்கறது நாயந்தான். எழுதுடி" என்று கல்லூரிப் பெண்ணிடம் சொன்னார். முட்டைகளில் எது பொரிக்கிறதோ அதைக் கணக்கில் கழித்துக்கொள்வது என்றும், பகலில் நாயைச் சங்கிலியில் கட்டுவது என்றும், கம்பி வலைச் செலவில் பாதி அவர்களுடையது என்றும் எழுதினார்கள். இன்னொரு முறை நாய் வந்தால் இந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக அத்தைக்கு உரிமை உண்டு என்ற வரியைச் சேர்க்கச் சொன்னது அந்த அம்மாள்தான். பையன் ஒரு கணம் தயங்கி அம்மாவைப் பார்த்தான். பிறகு கையெழுத்துப் போட்டான்.

வலை வாங்க ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம் போவது யார் என்று பேசியபடியே, எத்தனை மீட்டர் வேண்டும் என்று தறிக்காரரும் அவனும் வேலி ஓரமாக நடந்து அளக்க ஆரம்பித்திருந்தார்கள்.